சிறிய தொண்டு அமைப்புக்குப் பொருளாளர் ஆகியிருக்கிறேன். கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

பொறுப்பேற்று ஒரு மாதம்தான் ஆகிறது, கணக்கியல் படித்ததில்லை, முந்தையவர் விட்டுச்சென்றது ஒரு நோட்டும் ஒரு பை நிறைய பில்களும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கினேன். ஒரு சிறிய கல்வி அமைப்பின் கணக்கை ஒன்பது ஆண்டுகள் பார்த்தேன். முதல் ஆண்டிலேயே ஒரு பெரிய தவறு செய்தேன். அதைச் சொன்னால் மற்றவை எளிதில் புரியும்.

அப்போது எங்கள் வங்கிக் கணக்கில் 5 லட்சம் இருந்தது. சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து மாதச் செலவு 60 ஆயிரம். எட்டு மாதம் கவலையில்லை என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். அந்தத் தைரியத்தில் இன்னோர் ஆசிரியரையும் வேலைக்குச் சேர்த்தோம். சில மாதம் கழித்து நன்கொடையாளர் ஒருவர், தான் கொடுத்த பணத்தில் நூலகக் கட்டடம் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டு எழுதினார். அப்புறம்தான் நன்கொடைக் கடிதங்களை எடுத்துப் படித்தேன். அந்த 5 லட்சத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் கட்டடத்துக்கென்று வந்தது. 1 லட்சத்து 10 ஆயிரம் மாணவர் உதவித்தொகைக்கென்று வந்தது. நாங்கள் விருப்பம்போல் செலவழிக்கக்கூடியது வெறும் 70 ஆயிரம், அதாவது ஒரு மாதத்துக்குச் சற்று மேல். கட்டடப் பணத்தில் ஒரு பகுதி அதற்குள் சம்பளமாகப் போய்விட்டிருந்தது. யாரும் ஒரு காசு திருடவில்லை. ஆனால் ஒருவர் நம்பிக் கொடுத்த பணத்தை வேறு வேலைக்குச் செலவழித்திருந்தோம். அவரிடம் உண்மையைச் சொல்லி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டினோம்.

ஒரு கடைக்காரருக்குக் கல்லாவில் இருக்கும் பணம் அவருடைய பணம். தொண்டு அமைப்புக்கு அப்படி இல்லை. வங்கி இருப்பு ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் அதற்குள் பல பேருக்குக் கொடுத்த வாக்குகள் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரவிலும் செலவிலும் மூன்று விஷயம் எழுதுங்கள். என்ன வகை (சம்பளம், அச்சு, பயணம்), எந்த நிதி (எந்த நோக்கத்துக்கென்று வந்த பணம்), எந்தத் திட்டம். எக்செலில் வைத்தால் மூன்று பத்திகள், அவ்வளவுதான். பலர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது பத்தியான ‘எந்த நிதி’ என்பதுதான் உயிர்நாடி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பணத்துக்கு உண்மையான கட்டுப்பாடு போடக்கூடியவர் கொடுத்தவர்தான். உங்கள் குழுவே கூடி ‘இந்த 50 ஆயிரத்தை அவசரத்துக்கு எடுத்துவைப்போம்’ என்று தீர்மானித்தால் அது பொதுப்பணம்தான். குழு நினைத்தால் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளலாம். நன்கொடையாளர் போட்ட நிபந்தனையைக் குழு தானாக மாற்ற முடியாது. அமெரிக்காவின் கணக்கியல் தர வாரியம் 2016இல் தொண்டு அமைப்புகளுக்கான விதிகளைத் திருத்தியபோது, அதுவரை மூன்றாக இருந்த பிரிவுகளை இரண்டாக்கியது: கொடுத்தவரின் கட்டுப்பாடு உள்ளவை, இல்லாதவை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பிரிவு உதவும். திட்டம் முடிந்தும் பணம் மிஞ்சினால் பொது நிதிக்கு நகர்த்திவிடாதீர்கள். கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள், கேட்டதற்காக மகிழவும் செய்வார்கள்.

அடுத்து, ரொக்கம். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல் ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உண்டியல் வைத்தால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வசூலான பணத்திலிருந்து அங்கேயே ஆட்டோவுக்கும் போட்டோகாப்பிக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வந்தது முழுவதும் வங்கிக்குப் போகட்டும். சில்லறைச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகையை, 5,000 என்று வையுங்கள், முன்பணமாகக் கொடுங்கள். எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் வவுச்சர்களும் ரொக்கமும் கூட்டினால் 5,000 வர வேண்டும். தீர்ந்ததும் வவுச்சர்களின் தொகையை மட்டும் மறுபடி நிரப்புங்கள். இதற்குத்தான் முன்பண மீட்பு முறை என்று பெயர்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவது: மாதம் தவறாமல் வங்கிப் பதிவோடும் கையிருப்போடும் ஏட்டை ஒப்பிட்டுச் சரிக்கட்டுவது. இதைத் தள்ளிப்போட்டதன் விலையை இன்னொருவர் கொடுத்தார் என்பது இன்றும் எனக்கு உறுத்தல். ஒருமுறை கையிருப்பில் 2,700 குறைந்தது. நாங்கள் நான்கு மாதமாகச் சரிபார்க்கவில்லை. ரொக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களைவிட மூத்த ஓர் அக்கா, சம்பளம் வாங்காமல் வந்து உழைத்தவர். யாரும் நேரடியாக எதுவும் கேட்கவில்லை, ஆனால் பார்வைகள் மாறின. அவர் வருவதை நிறுத்திவிட்டார். பிறகு ரசீதுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, 3,600க்கான ஒரு ரசீதை ஏட்டில் 6,300 என்று எழுதியிருந்தது தெரிந்தது. எழுதியது அவர் அல்ல. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார், திரும்பி வரவில்லை.

வித்தியாசம் வந்தால் முதலில் அதை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதமில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 2,700ஐ 9ஆல் வகுத்தால் 300. அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இரட்டைப்பதிவில், அதாவது ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் முறையில், இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தில் பாதித் தொகையையும் தேடிப் பாருங்கள். ஒரு பதிவு மாற்றுப் பக்கத்தில் விழுந்திருந்தால் வித்தியாசம் இருமடங்காகக் காட்டும்.

ஒப்பிடும் வேலையைக் காசோலையில் கையெழுத்திடுபவரே செய்யக்கூடாது. மூன்று பேர் மட்டுமே உள்ள அமைப்பிலும் வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று பிரிக்கலாம். ‘எங்களுக்குள் நம்பிக்கை இல்லையா’ என்று கேட்பார்கள். நம்பிக்கை இருப்பதால்தான் இது வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த அக்காவுக்குச் சரியான ஏடு ஒன்று துணையாக இருந்திருந்தால் யாரும் அவரைச் சந்தேகித்திருக்க முடியாது.

பொதுச் செலவுகளைப் பங்கிடுவதிலும் பலர் தடுமாறுகிறார்கள். வாடகை, மின்சாரம், கணக்கரின் சம்பளம் இவை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவானவை. எந்த நிதியில் பணம் இருக்கிறதோ அதில் போட்டுவிடுவது தவறு. ஆண்டு தொடங்கும் முன்பே அடிப்படையை முடிவுசெய்து எழுதிவையுங்கள்: வாடகையை ஒவ்வொரு திட்டமும் பயன்படுத்தும் இடத்தின் அளவுப்படி, சம்பளத்தை ஒவ்வொன்றுக்கும் வேலை செய்த மணிநேரப்படி. ஒரே பில்லை இரண்டு நன்கொடையாளர்களிடம் காட்டிவிடாமலிருக்க, பணம் கொடுத்த அன்றே பில்லின் மேல் நிதியின் பெயரை எழுதிவிடுங்கள். விண்ணப்பம் எழுதும்போது நிர்வாகச் செலவைக் கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் மானியங்களில், அரசோடு தனியாக விகிதம் பேசி முடிவுசெய்யாத அமைப்புகள் கேட்கக்கூடிய மறைமுகச் செலவின் (வாடகை, நிர்வாகம் போன்ற பொதுச் செலவின்) உச்ச அளவை 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள். மின்விளக்கும் கணக்கும் இல்லாமல் எந்தத் தொண்டும் நடக்காது.

பொருளாக வரும் நன்கொடைகளையும் பதிவுசெய்யுங்கள். அதே பொருளை வாங்கினால் என்ன ஆகும் என்ற மதிப்பில் வரவாக எழுதி, பயன்படுத்தும்போது செலவாக எழுதுங்கள். தன்னார்வலர்களின் நேரத்தை ஏட்டில் கொண்டுவராவிட்டாலும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், அறிக்கைக்கு உதவும்.

எந்த மென்பொருள் என்றும் கேட்டிருந்தீர்கள். நிதி இரண்டு மூன்றுதான் என்றால் எக்செல் போதும். அதற்கு மேல் போனால் இரட்டைப்பதிவு முறையில் இயங்கும் ஒன்றுக்கு மாறுங்கள். க்னூகேஷ் இலவசமாகக் கிடைக்கிறது. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இந்த இரட்டைப்பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சியோலி 1494இல் அச்சில் விளக்கினார். இன்றும் அடிப்படை அதேதான். எதை வைத்தாலும் குழுவுக்கு மாதம் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள். ஒவ்வொரு நிதிக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. கூடவே அடுத்த மூன்று மாதங்களுக்குப் பொதுப்பணம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும். பத்துப் பக்கம் கொடுத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

சரி, உங்கள் கையில் இருக்கும் அந்தப் பைக்கு வருவோம். பழைய பில்களை எல்லாம் இப்போதே ஏட்டில் ஏற்றப் பார்க்காதீர்கள், மூச்சு முட்டிவிடும். ஒரு மாதக் கடைசித் தேதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளின் வங்கி இருப்பு, கையிருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி, வரவேண்டிய பாக்கி, ஒவ்வொரு நன்கொடைக் கடிதத்தின்படியும் செலவாகாமல் மிஞ்சியிருக்கும் தொகை, இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். முந்தைய பொருளாளரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அவருக்கு நினைவில்லாதவற்றை ‘தெளிவில்லை’ என்று அப்படியே குறியுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். இருவரும் கையெழுத்திட்டு ஒரு நகலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து புதிய ஏட்டைத் தொடங்குங்கள். பழைய பில்களை அதன்பின் வாரம் ஒரு மாதத்துக்கானவை என்று எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.