படையில் இருக்கும் பிள்ளைக்கு உதவுவோர் கேட்டவை: டர்பனிலிருந்து ஒரு கேள்வி பதில்

எங்கள் தமிழ் வாசிப்பு வட்டம் இம்மாதக் கேள்வி பதிலுக்கு எடுத்துக்கொண்ட பொருள், படையில் பணிபுரியும் பிள்ளைகளுக்கு உதவும்போது அவர்களுடைய விவரங்களில் எவற்றை வெளியே சொல்லலாம், எவற்றைச் சொல்லக் கூடாது என்பதாகும். நான் 1970களின் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் இந்தியர்களுக்கென இருந்த கடற்படைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஆள்பதிவேட்டு அறையில் கழித்து ஓய்வுபெற்றவன். இப்போது கோயில் குழு ஒன்றோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டுகிறேன். கேள்விகள் வந்தபோது கேட்டவர்களின் பெயர், தெரு, பிள்ளைகளின் படைப்பிரிவு எல்லாம் கூடவே வந்தன. அவற்றை நீக்கிவிட்டேன், எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல அவை எனக்குத் தேவைப்படவில்லை.

கேள்வி: என் மகன் வெளிநாட்டுப் பணியில் இருக்கிறான். வெள்ளிதோறும் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறோம். கோயில் அன்பர்கள் ஆர்வத்தோடு அவனுடைய முழுப் பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவு, இருக்கும் நாடு ஆகியவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். இதில் தவறு உண்டா?

பதில்: அர்ச்சனையில் தவறே இல்லை, அம்மா. சங்கல்பத்துக்கு வேண்டியவை பெயர், நட்சத்திரம், இராசி, கோத்திரம் ஆகியவைதாம். அவற்றைக் குருக்களிடம் வாயால் சொன்னால் போதும். எந்த நாடு, எந்தப் படைப்பிரிவு என்று முருகனுக்குப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

பலகையில் எழுதியதை எதிரி நாட்டு ஒற்றன் வந்து படிப்பான் என்று நான் அஞ்சவில்லை. என் அச்சம் பக்கத்துத் தெருவைப் பற்றியது. பலகையில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. சித்தப்பா மகன் முகநூலில் படைப்பிரிவையும் புறப்பட்ட நாளையும் எழுதியிருக்கிறான். காவடித் திருவிழாப் படத்தில் வீட்டு வாசலும் கதவு எண்ணும் தெரிகின்றன. இவற்றில் ஒன்றைத் தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து சேர்க்கிறவனுக்கு, அந்த வீட்டில் இன்னும் ஆறு மாதத்துக்கு வளர்ந்த ஆண்பிள்ளை இல்லை என்பதும், வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க முடியாத இடத்தில் கணக்குக்குரியவர் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். கொள்ளைக்காரனுக்கு முதலாவது போதும். ஒருவருடைய கைப்பேசி எண்ணைத் தன் சிம் அட்டைக்கு மாற்றிக்கொண்டு கணக்கைத் துடைக்கும் மோசடிக்காரனுக்கு இரண்டாவது போதும். ஆகவே பலகையில் ‘பணியில் இருக்கும் நம் பிள்ளைகளின் நலனுக்காக’ என்று ஒரு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர்கள் குருக்களின் தாளில் இருக்கட்டும், பூசை முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடட்டும்.

கேள்வி: பொட்டலம் அனுப்பும் குழுவில் நான் செயலாளர். ஒவ்வொரு வீரருக்கும் அடையாள எண், படை எண், வீட்டு முகவரி, மனைவியின் எண் என எல்லாம் ஒரே தாளில் வைத்திருக்கிறோம். பொப்பியா சட்டம் எங்களைப் போன்ற சிறு குழுவுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஐயா. 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நாம் பொப்பியா என்கிறோம். அது 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயல்படுகிறது. ஒருவர் தன் வீட்டு அளவில் வைத்திருக்கும் குறிப்புகளுக்கு விலக்கு உண்டு; உங்கள் மனைவியின் முகவரிக் குறிப்பேட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சங்கம், கோயில் குழு என்று அமைப்பாகச் சேர்ந்து பிறருடைய விவரங்களைத் திரட்டினால், அவற்றுக்கு அந்த அமைப்பே பொறுப்பாளி. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். விவரங்கள் பிறர் கைக்குப் போய்விட்டால் தகவல் ஒழுங்காணையத்துக்கும் உரியவர்களுக்கும் அறிவிக்கவும் வேண்டும்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாளையே பாருங்கள். ஒரு பொட்டலம் போய்ச்சேர அடையாள எண் எதற்கு? நம் நாட்டு அடையாள எண்ணில் 13 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் மேலே என்றால் ஆண். பதினோராவது இலக்கம் குடியுரிமை பெற்றவரா நிரந்தரமாகத் தங்குபவரா என்பதைச் சொல்கிறது. இனவொதுக்கல் காலத்தில் இனத்தையும் அந்த எண்ணுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர், கேட்காமலேயே மூன்று செய்திகளை வாங்கிவிடுகிறார். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து நம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, தந்தை பெயர், சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு வரை பேரேட்டில் எழுதினார்கள். இன்று நாம் வேர் தேடுவதற்கு அந்தப் பேரேடுகள் உதவுகின்றன என்பது வேறு. எழுதப்பட்டவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அந்த வழியில் வந்த நாம், பிறருடைய எண்ணைக் கேட்கும் முன் சற்றே தயங்குவது நல்லது.

எங்கள் குழுவில் இப்போது வைத்திருப்பது வீரர் தாமே தெரிவுசெய்த அழைப்புப் பெயர், சட்டை அளவு, ஒவ்வாத உணவு, பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளும் குடும்பத்தவரின் எண் ஆகியவை மட்டுமே. பொட்டலத்தைக் குடும்பத்திடமோ, படைப்பிரிவில் குடும்பநலம் பார்க்கும் அலுவலரிடமோ கொடுக்கிறோம்; மேற்கொண்டு அது எங்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஊறுகாய்ப் போத்தலை மட்டும் இரட்டைப் பையில் கட்டுங்கள். இது பாதுகாப்புத் தொடர்பானதன்று, அனுபவம்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறார்கள். வீரர்களின் மனைவிமாரையும் அதில் சேர்த்துவிட்டோம். சிலர் விலகிவிட்டார்கள். ஏன் என்று புரியவில்லை.

பதில்: அந்த 180 பேருக்கும் அவர்களுடைய எண் தெரிந்துவிட்டது, அக்கா. கணவர் ஊரில் இல்லாத பெண்ணின் எண் அது. யாரோ ஒருவர் இரவில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டிருந்தால், அதை அவர் உங்களிடம் சொல்லாமலே விலகியிருப்பார். ஒளிபரப்புப் பட்டியல் வழியாகச் செய்தி அனுப்பினால் பெறுபவர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் பேசியில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விலகியவர்களிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: பயிற்சி நிறைவு அணிவகுப்பில் எடுத்த படத்தைப் போடலாமா? முகாமில் தம்பி எடுத்து அனுப்பும் படங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: அணிவகுப்பு பொதுநிகழ்ச்சி. உங்கள் தம்பி ஒப்புக்கொண்டால் போடுங்கள். பெயர்ப்பட்டை தெளிவாகத் தெரியாதபடியும், பக்கத்தில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் முகம் வராதபடியும் வெட்டிவிடுங்கள். அவர்களிடம் நீங்கள் கேட்கவில்லை அல்லவா.

முகாமிலிருந்து வருவதை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் முகத்தைத்தான் நாம் பார்க்கிறோம். முகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடாரம், வண்டி எண், மலையின் வடிவம் ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் மறைந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். படமே இல்லாமலும் இடம் வெளியாகும். ஓட்டப்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்டிராவா நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய தடங்களை ஒரே வரைபடமாக வெளியிட்டது. பெயர் எதுவும் அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தபோது, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருட்டாக இருந்த பரப்புகளின் நடுவே முகாம்களின் சுற்றுப்பாதைகள் வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்தன. காலையில் உடற்பயிற்சிக்கு ஓடிய வீரர்களே அவற்றை வரைந்திருந்தார்கள். தம்பியின் கைக்கடிகாரத்தில் என்ன செயலி இருக்கிறது என்று அடுத்த அழைப்பில் கேளுங்கள்.

கேள்வி: எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மகள் பேச்சை மாற்றுகிறாள். பெற்ற தாயிடம் கூடவா?

பதில்: உங்களிடம் மறைக்கவில்லை, அம்மா, தொலைபேசியிடம் மறைக்கிறாள். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்று நம் ஆயாமார் சொன்னதைப் படையில் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். இடம், புறப்படும் நாள், திரும்பும் நாள், உடன் இருப்போர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் விட்டுவிட்டு, சாப்பாடு, தூக்கம், மழை பற்றிக் கேளுங்கள். அவளே நிறையப் பேசுவாள். இதில் சட்டமும் உண்டு: இரகசியம் என வகைப்படுத்திய படைத் தகவலை உரிமையின்றி வெளியிடுவது 2002ஆம் ஆண்டின் 42ஆம் எண் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவள் வாயைத் திறக்காமல் இருப்பது உங்களையும் அந்தச் சிக்கலிலிருந்து தள்ளி வைக்கிறது.

கேள்வி: கொங்கோவின் கோமா நகரில் சண்டை நடந்தபோது எங்கள் குழுக்களில் பெயர்களும் படங்களும் வந்துகொண்டே இருந்தன. முந்திச் சொல்வது உதவி என்றே நாங்களும் அனுப்பினோம்.

பதில்: 2025 ஜனவரி இறுதியில் கிழக்குக் கொங்கோவில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். அந்த நாள்களில் என் பேசிக்கும் அப்படியான செய்திகள் வந்தன. இறந்தவரின் பெயரை அறியும் முதல் உரிமை வீட்டாருடையது. படை அவர்களுக்கு நேரில் ஆள் அனுப்பித்தான் சொல்லும்; அதற்கு நேரம் எடுக்கும், ஏனெனில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும், வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், வாசலில் நிற்கக்கூடிய ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த இடைவெளியில் நாம் அனுப்பும் ‘ஆழ்ந்த இரங்கல்’ ஒரு மனைவிக்குச் சமையலறையில் அடுப்பு எரியும்போது வந்து விழுகிறது. பெயர் தவறாக இருந்தால் உயிரோடு இருப்பவர் வீட்டிலும் ஒப்பாரி எழுகிறது.

நான் பதிவேட்டு அறையில் இருந்தபோது ஒருமுறை அவசர உறவினர் அட்டையில் பழைய முகவரி இருந்ததால், செய்தி சொல்லச் சென்றவர்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அட்டையைப் புதுப்பிக்கக் கேட்காமல் விட்டது என் தவறு. எனவே உண்மையிலேயே உதவ விரும்புகிறவர் ஒன்று செய்யலாம்: வீடு மாறினால், எண் மாறினால், மணவாழ்வு முறிந்தால், அந்த விவரத்தைப் படைப்பிரிவிடம் மாற்றிக் கொடுக்கும்படி பிள்ளையிடம் வற்புறுத்துங்கள். தகவலை மறைப்பது மட்டுமன்று, உரியவரிடம் சரியாகச் சேர்ப்பதும் காப்பதுதான்.

கேள்வி: அமைதிப்படையில் இருப்பதாகச் சொல்லும் ஓர் அதிகாரி முகநூலில் என் அத்தையோடு பழகுகிறார். விடுப்பில் வரக் கட்டணம் கட்ட வேண்டுமாம்.

பதில்: ஏமாற்று. எந்த வீரரும் விடுப்புக்கோ, உணவுக்கோ, ஊர் திரும்பவோ கட்டணம் கட்டுவதில்லை. படம் யாரோ ஒரு உண்மையான வீரருடையதாக இருக்கலாம். அவருடைய குடும்பத்தார் அன்போடு போட்ட படத்தை எடுத்தே இப்படிச் செய்கிறார்கள். அத்தை அடையாள அட்டையின் நகலையும் அனுப்பியிருந்தால், வங்கிக்குச் சொன்ன பிறகு, தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசப் பாதுகாப்புப் பதிவு செய்துவிடுங்கள். அத்தையைத் திட்டாதீர்கள்.

கேள்வி: தம்பிக்கு வெளிநாட்டுப் பணிப்படி மாதக்கணக்காக வரவில்லை. சம்பளச் சீட்டையும் படை எண்ணையும் படமெடுத்து எல்லோருக்கும் தெரியும்படி போடப் போகிறேன். இரகசியம் என்று சொல்லிச் சொல்லியே அவர்களுடைய குறைகளை மூடிவிடுகிறார்கள் அல்லவா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மேலே நான் சொன்ன எதுவும் குறையை மூடுவதற்கான காரணம் ஆகாது. ஊதியம் வராதது இரகசியமே அன்று. ஆனால் சீட்டில் வங்கி விவரமும் படை எண்ணும் இருக்கின்றன, அவை தம்பியைத்தான் சுடும். முதலில் அவன் பிரிவுக்குள் எழுத்தில் குறையைப் பதிவுசெய்யட்டும், பதிவுசெய்ததன் நகலை வைத்துக்கொள்ளட்டும். அதில் தீராவிட்டால் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இராணுவக் குறைதீர் அதிகாரியிடம் போகலாம். பணிநிலைமை பற்றி வீரரே முறையிடலாம். அவர் சார்பில் இன்னொருவரும் முறையிடலாம், ஆகவே தம்பி ஒப்புக்கொண்டால் நீங்களே எழுதலாம். அங்கே முழு எண்ணையும் கொடுங்கள். அதே எண்தான், கேட்க உரிமை உள்ளவரிடம் போகிறது.

கேள்வி: பணியிலிருந்து திரும்பிய அண்ணன் இரவில் தூங்குவதில்லை. சிகிச்சைக்கு நிதி திரட்ட அவருடைய நிலையை எழுதலாமா?

பதில்: அவரிடம் கேட்டீர்களா? உடல்நலச் செய்தியைப் பொப்பியா சட்டமே தனிச் சிறப்புடைய தகவலாக வைத்துக் கூடுதல் காவல் போடுகிறது. பணியில் இருப்பவருக்கு இராணுவ மருத்துவப் பிரிவின் சமூகப் பணியாளரும் உளவியலாளரும் உண்டு. அங்கே முதலில் போங்கள். அப்படியும் பணம் தேவைப்பட்டால் ‘எங்கள் குடும்பத்தில் ஒருவரின் மருத்துவச் செலவுக்காக’ என்று தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நம் ஊரில் பெயர் சொல்லாமலே பணம் சேரும், பார்த்திருக்கிறேன். நோயின் பெயரை எழுதிவிட்டால், நாளை அவர் பாதுகாவல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது தேடலில் வந்து நிற்கும்.

கேள்வி: நான் முன்னாள் வீரன். சலுகைகளுக்குப் பதிவுசெய்து தருவதாக ஒருவர் பணமும் அடையாள நகலும் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள், தாத்தா. முன்னாள் படைவீரர் துறையில் நேரே பதியலாம், இடைத்தரகர் வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் துணை வேண்டுமானால் சனிக்கிழமை காலையில் பொட்டலம் கட்டும் இடத்துக்கு வாருங்கள். தாளை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு நிரப்பலாம்.

கேள்வி: பள்ளியில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள், சுவரில் ஒட்டப்போகிறார்களாம்.

பதில்: ஆசிரியரிடம் பேசி, நாட்டின் பெயரும் திரும்பும் தேதியும் உள்ள வரிகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அப்பா இட்லி செய்யத் தெரியாமல் மாவைக் கொட்டிய பகுதி இருக்கிறதாமே, அது அப்படியே இருக்கட்டும்.