பெற்ற அப்பாவே தூக்கிக்கொண்டு போனால் அது கடத்தலா?

கேள்வி: என் கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். குடித்துவிட்டு அடித்ததால் ஏழு மாதமாகப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு நாலே முக்கால் வயது. இங்கேதான் எல்.கே.ஜி. படிக்கிறாள். பதினோரு நாள் முன்பு வந்தவர், "ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு சாயங்காலம் விட்டுடறேன்" என்று சொல்லிக் கூட்டிப் போனார். திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மாமியார் வீட்டில் கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். நாலாம் நாள் கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் "குழந்தை நல்லா இருக்கு" என்று மட்டும் அனுப்பினார். ஸ்டேஷனில் "பெத்த அப்பன் கூடத்தானே இருக்கு, இதுல எங்க கடத்தல்?" என்று புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் அண்ணன் நாலு பேரோடு காரில் போய்த் தூக்கி வந்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, முதலில் அண்ணனின் கார் சாவியை வாங்கி வையுங்கள். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கார் ஓசூர் போய்ச் சேர்ந்த மறுநாள் அத்துமீறி நுழைந்தது, அடித்தது, மிரட்டியது என்று உங்கள் வீட்டு ஆண்கள் மேல் வழக்கு வரும். இன்றைக்கு நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, கடத்தலா இல்லையா? உங்கள் மனசுக்குக் கடத்தல்தான், சட்டத்துக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 361-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 137-வது பிரிவு. சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து குழந்தையை எடுத்துச் செல்வதைத்தான் அது குற்றம் என்கிறது. 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமோ அப்பாவையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. போதாததற்கு, தனக்கு உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுத்துச் சென்றவருக்கு 137-லேயே விலக்கும் இருக்கிறது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாத நிலையில், அப்பா மேல் கடத்தல் வழக்கு நிற்பது கஷ்டம். இந்த அளவுக்கு ஸ்டேஷனில் சொன்னது சரி.

ஆனால் ரசீது கொடுத்துக் கைகழுவியது சரியில்லை. கடத்தல் என்ற வார்த்தையை விட்டுவிட்டு, "என் மகளைக் காணவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை" என்று புதிதாக எழுதிக் கொடுங்கள். காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அவர் எந்த ஊரில், எந்த வீட்டில் வைத்திருக்கிறார் என்றே தெரியாதபோது, அது காணாமல் போன குழந்தைதான். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கொழுந்தனாரின் வாட்ஸ்அப் செய்தியைப் புகாரில் மறைக்காதீர்கள். நாளை உயர் நீதிமன்றத்தில் அவர்கள் வக்கீல் அதை எடுத்து நீட்டினால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். "நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எங்கே என்று சொல்ல மறுக்கிறார்கள்" என்று அப்படியே எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமான செய்தி அது. செய்தி வந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

உங்களுக்கு நிஜமான வழி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வக்கீல்கள் நாங்கள் அதைச் சுருக்கமாக எச்.சி.பி. (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்) என்போம். கோவை மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை இல்லை, சென்னைக்கு வர வேண்டும். போலீஸ் தேடிக் கண்டுபிடித்துக் குழந்தையை நீதிபதிகள் முன் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை. "அப்பாவிடம் இருப்பது சட்டவிரோதக் காவல் ஆகுமா?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். ஒரு பெற்றோரோ வேறு யாரோ சட்ட உரிமையின்றிக் குழந்தையை வைத்திருந்தால் இந்த மனு செல்லும் என்று 2019-ல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, விரிவாக விசாரிக்க வேண்டிய விஷயம் என்றால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. அதனால் இந்த மனுவை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இங்கே குழந்தையின் வயது உங்களுக்கு வலு. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956 சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. இந்த வயதில் தாய் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்பாவுடையது, தன் தகுதியைத் தாய் நிரூபிக்க வேண்டியதில்லை என்று ரொக்ஸான் சர்மா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் மகளுக்கு ஐந்து முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது. முடிந்த மறுநாளே குழந்தை அப்பாவுக்கு என்று ஆகிவிடாது, அப்போதும் குழந்தையின் நலன்தான் பெரிது. ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் இந்த வாதம் அன்றைக்கு இருக்காது.

நான் அவசரப்படுத்த இன்னொரு காரணமும் உண்டு. நீதிபதிகள் குழந்தையை அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவார்கள். மூன்று நாலு மாதம் அம்மாவைப் பார்க்காத பிள்ளை, அன்றைக்குக் கூட வந்த பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வர மறுத்து அழுததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளை மேல் தப்பில்லை, அந்த வயசு அப்படி. "பழகிவிட்டது, இப்போது பிரிக்க வேண்டாம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது நம்மிடம் வார்த்தை இருக்காது. சொந்தக்காரர்கள் "ஆடி முடியட்டும், பேசிக்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள்.

எச்.சி.பி. ஒரு பக்கம் நடக்கட்டும். உங்கள் பகுதிக்குரிய குடும்ப நீதிமன்றத்தில் 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனு போடுங்கள். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் எந்த வக்கீலுக்கும் தெரியும். கூடவே இடைக்கால மனு, அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம்தான் இதை விசாரிக்க வேண்டும் என்கிறது 9-வது பிரிவு. ஏமாற்றித் தூக்கிப் போனதால் வசிப்பிடம் ஓசூருக்கு மாறிவிடாது. ஆனால் ஏழு மாதம் பொள்ளாச்சியில் இருந்ததைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பள்ளிக் கட்டண ரசீது, வருகைப் பதிவு நகல், தடுப்பூசி அட்டை, காய்ச்சலுக்குக் காட்டிய டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் இன்றே திரட்டுங்கள். அவர் முந்திக்கொண்டு அங்கே மனு போட்டு ஒருதலையாக உத்தரவு வாங்காமல் இருக்க, அவர் பகுதி நீதிமன்றத்தில் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்னெச்சரிக்கை மனு, போடச் சொல்லுங்கள். 90 நாள் செல்லும்.

அடித்த விஷயத்துக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதில் மாஜிஸ்திரேட்டே குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லலாம், அது 21-வது பிரிவு. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் கோர்ட் வாசலில் யாராவது "ஒரு போக்சோவும் சேர்த்துப் போடும்மா, தானா வழிக்கு வருவான்" என்று, குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டத்தில் பொய்ப் புகார் கொடுக்க யோசனை சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்ப் புகாரில் கடைசியில் குழந்தையைத்தான் உட்கார வைத்து விசாரிப்பார்கள்.

மகளுக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நாட்டை விட்டுக் கூட்டிப் போகக் கூடாது என்று முதல் மனுவிலேயே தடை கேளுங்கள். பிள்ளைகளை நாடு விட்டு நாடு தூக்கிப் போவது பற்றிய 1980 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-லேயே பரிந்துரைத்தும் அது அப்படியே கிடக்கிறது. விமானம் ஏறிவிட்டால் அந்த ஒப்பந்தத்தை வைத்துத் திரும்பக் கேட்க முடியாது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்கள்.

மனுவில் உங்கள் கணவர் மகளை வந்து பார்ப்பதற்கு நீங்களே ஒரு ஏற்பாட்டைச் சொல்லுங்கள், உதாரணமாக மாதம் இரண்டு ஞாயிறு, உங்கள் ஊரில், பகல் நேரத்தில். இப்போது எரிச்சலாகத்தான் இருக்கும். எப்படியும் நீதிமன்றம் அதைக் கொடுக்கத்தான் போகிறது. நீங்களே முன்வந்து சொன்னால் நீதிபதி உங்களைப் பார்க்கும் விதம் மாறும்.

அப்புறம், நோட்டீஸ் போன கையோடு போன் வரும். "வா, பெரியவங்களை வெச்சுப் பேசித் தீர்த்துக்கலாம்" என்பார். போங்கள், வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குழந்தை உங்கள் கையில் வராமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், வழக்கையும் வாபஸ் வாங்காதீர்கள்.