கால்வாய்த் தண்ணீரை வரைவது

வணக்கம் ஐயா. ஒரு புகைப்படத்தைப் பார்த்து வெனிஸ் கால்வாய் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். கட்டடங்கள் ஓரளவு அமைந்துவிட்டன. தண்ணீர்தான் கைவரவில்லை. கட்டடங்களை டிரேசிங் பேப்பரில் எடுத்து, அதைக் கவிழ்த்துப் பிரதிபலிப்பை வரைந்தேன். எவ்வளவு நீலம் பூசினாலும் உயிரில்லாமல் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

நீலத்தை விட்டுவிடுங்கள். கோளாறு அந்த டிரேசிங் பேப்பரில் இருக்கிறது.

உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே ஆழத்தில் நீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் நகரம் எப்படித் தெரியுமோ, அதைத்தான் தண்ணீர் காட்டுகிறது. அதனால் பாலத்து வளைவின் அடிப்பக்கம் நேரில் தெரிவதைவிட நீரில் அதிகம் தெரியும். கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் வீட்டின் கீழ்த்தளத்தைக் கரைச்சுவர் மறைத்துவிடும். மேல்தளங்கள் மட்டுமே நீரில் விழும். கவிழ்த்த தாளில் இவை எதுவும் கிடைக்காது.

நீரைத் தொட்டு நிற்கும் சுவர்களுக்கு வழி எளிது. ஒரு ஜன்னலின் விளிம்பு, அதற்கு நேர்கீழே உள்ள நீர்க்கோட்டிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே அளவு கீழே அளந்து புள்ளி வையுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். தூரத்துக்கு ஓடும் சுவரின் நீர்க்கோடு சாய்வாக இருக்கும் என்பதால், மொத்தமாகக் கவிழ்த்தால் எல்லாம் பிசகிவிடும். சரியாக அளந்திருந்தால், நீருக்குள் ஓடும் கோடுகளும் மேலே உள்ள கோடுகள் சேரும் அதே மறைபுள்ளியில் போய்ச் சேரும்.

அடுத்தது வெளிச்சம். வெயில் படும் சுவர் நீரில் சற்று மங்கும். இருண்ட வாசல் நீரில் சற்று வெளிறும். சுவருக்குக் கலந்த வண்ணத்திலேயே துளி பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு வண்ணம்) சேர்த்தால் போதும். வெனிஸ் நீரின் பச்சை, நிழல் விழுந்த இடங்களில்தான் நன்றாகத் தெரியும். வானம் நேராக மின்னும் இடத்தில் அதைத் தேடாதீர்கள். பிரதிபலிப்பை மேலிருந்து கீழாகப் பூசிவிட்டு, ஈரம் இருக்கும்போதே உலர்ந்த மென்மையான தட்டைத் தூரிகையால் குறுக்கே ஒருமுறை வருடுங்கள். ஒரே ஒருமுறை! இரண்டாவது முறை வருடினால் சேறாகிவிடும்.

வெனிஸ் காட்சிகளை வரைந்த ஓவியர் கனலெட்டோவை (1697–1768) உற்றுப் பாருங்கள். அவர் அளவுகோலும் காம்பஸும் கொண்டு கோடு கீறி வரைந்தவர். ஆனாலும் 1725 வாக்கில் அவர் வரைந்த, லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள கல்தச்சர் முற்ற ஓவியத்தில் ஈரக்காற்றையே உணரலாம். பிற்கால ஓவியங்களில் அலைகளைச் சிறு வெள்ளை வளைவுகளாக, எங்கும் ஒரே மாதிரி இட்டுச் சென்றார். என் கண்ணுக்கு அந்த நீர் ஓடுவதில்லை. அலைக்கோடுகள் முன்னால் அகன்றும் இடைவெளி விட்டும் இருக்கட்டும். போகப்போக மெலிந்து நெருங்கட்டும். தூரத்தில் இல்லாமலே போகட்டும்.

இப்போதுள்ள ஓவியத்தைத் தூக்கிப்போட வேண்டாம். நீர்ப்பகுதி இன்னும் ஈரமாக இருந்தால் பேலட் கத்தியால் வழித்து, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால், மேடு தட்டிய இடங்களை மட்டும் நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டு மேலே வரையலாம். அப்போது புதிய பூச்சில் ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அடிப்பூச்சைவிட மேல்பூச்சில் எண்ணெய் குறைந்தால் பின்னாளில் வெடிப்பு விடும்.