வெள்ளத்துக்கும் புயலுக்கும் முன்பாக வீட்டு நாய், பூனைகளை எப்படி ஆயத்தப்படுத்துவது?

சென்னையின் தென்பகுதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே தெருவில் தண்ணீர் தேங்கிவிடும் பகுதி ஒன்றில், ஒரு நாட்டு நாயோடும் இரண்டு பூனைகளோடும் வசிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். ஆகவே இது பெரும்பாலும் வெள்ளத்தைப் பற்றியதாகவே இருக்கும். இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், அவசரகாலப் பையில் வைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல். பையை ஒரே மாலையில் கட்டிவிடலாம்; ஆனால் விலங்கோடு தங்குவதற்கு ஓர் இடத்தையும், அந்த இடத்துக்கு நம்மோடு வருவதற்கான பழக்கத்தை அந்த விலங்குக்கும் ஒரே மாலையில் உண்டாக்க முடியாது. கோடை முடிந்ததும் தொடங்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

முதலில் இடம். பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் திறக்கப்படும் நிவாரண முகாம்கள் மனிதர்களுக்காக ஏற்பட்டவை. கைக்குழந்தைகளும் முதியவர்களும் நெருக்கமாகப் படுத்திருக்கும் கூடத்துக்குள் நாயை விடத் தயங்குகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியின்போது, வளர்ப்பு விலங்குகளை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று பலர் மூழ்கும் வீடுகளிலேயே தங்கிவிட்டதால், மாநிலங்களின் பேரிடர்த் திட்டங்களில் அவ்விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று மறு ஆண்டே சட்டம் இயற்றினார்கள். 2018ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தில், தம்மிடம் இருந்த 25 நாய்களையும் ஏற்றாமல் படகில் கால் வைக்க மறுத்த திருச்சூர்ப் பெண்மணியைப் பற்றிய செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அவருக்கு உதவி வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் வரும் என்று எண்ணி இருந்துவிட முடியாது. எனவே மேட்டுப் பகுதியில், முதல் தளத்திலோ அதற்கு மேலோ குடியிருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ மழைக்காலத்துக்கு முன்பே பேசிவைக்க வேண்டும். “சித்தி, தண்ணீர் ஏறினால் நாயையும் பூனைகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாமா?” என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. அவர் தயங்கினால் அதை இப்போதே தெரிந்துகொள்வதில் நமக்குத்தான் லாபம். நாயை ஒரு வீட்டிலும் பூனைகளை மற்றொரு வீட்டிலும் விட நேர்ந்தாலும் அதில் தவறில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளை நம்புகிறவர்கள், அந்த விடுதி இருக்கும் தெருவில் தண்ணீர் தேங்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பழக்கம். இதில் பூனைதான் கடினம். பரபரப்பை உணர்ந்தவுடன் பூனை கட்டிலுக்கு அடியிலோ, பரண்மேல் இருக்கும் பெட்டிகளுக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிவிடும்; படகு வாசலில் காத்திருக்கையில் அதை இழுத்தெடுக்க முயன்றால் கை கிழிவதுதான் மிச்சம். பெரும்பாலான வீடுகளில் பூனைக் கூண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மருத்துவரிடம் போவதற்காக மட்டுமே வெளியே எடுக்கப்படுகிறது. ஆகவே கூண்டைக் கண்டாலே ஓட வேண்டும் என்று பூனை கற்றுக்கொண்டுவிடுகிறது. அதை மாற்ற, கூண்டைக் கதவு திறந்தபடி கூடத்தின் மூலையில் நிரந்தரமாக வைத்து, உள்ளே பழைய போர்வை ஒன்றை விரித்து, சில வாரங்களுக்கு உணவை அதற்குள்ளேயே வைக்க வேண்டும். அது தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு, கதவைச் சில நொடிகள் மூடித் திறப்பது, மூடியபடி தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது, ஆட்டோவில் ஒரு தெரு போய்த் திரும்புவது என்று மெதுவாக நீட்டிக்கலாம். பூனை ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும். நெருங்கிய தோழமையுள்ள பூனைகள்கூட அச்சத்தில் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும். கூண்டே இல்லாத நிலையில் கடைசி நேரத்துக்குக் கைகொடுப்பது தடித்த பருத்தித் தலையணை உறை: பூனையை உள்ளே விட்டு வாயைக் கட்டிக்கொண்டால் அது மூச்சுவிடவும் முடியும், தப்பவும் முடியாது. மழை எச்சரிக்கை வந்த அன்றே பூனைகளைப் பரண் இல்லாத ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

நாயின் விஷயத்தில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. தெருவோரத்தில் மட்டுமே சிறுநீர், மலம் கழிக்கப் பழகிய நாய், தெரு இடுப்பளவு நீரில் கிடக்கும்போது மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு தவிக்கும். மொட்டைமாடியின் ஒரு மூலையில் மண் தட்டு ஒன்றை வைத்து, நல்ல நாள்களிலேயே வாரத்துக்குச் சில முறை அங்கே அழைத்துச் சென்று பழக்கியிருந்தால் அந்தத் துன்பம் இராது. கூடை வடிவ வாய்ப்பூட்டையும் அதே போலத் தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். வாய் திறந்து மூச்சிரைக்க இடம் தருவது அந்த வகைதான். வீட்டில் எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், முன்பின் அறியாதவர்கள் ஆடும் படகில் அதைத் தூக்கும்போது கடித்துவிடலாம். வாய்ப்பூட்டு போட்ட நாயை ஏற்றிக்கொள்ள மீட்புப் பணியாளர்களும் அதிகம் தயங்கமாட்டார்கள்.

கழுத்துப்பட்டையில் அழியாத மையால் இரண்டு கைப்பேசி எண்களை எழுதிவையுங்கள். ஒன்று வெளியூர் உறவினருடையதாக இருக்கட்டும், ஏனெனில் வெள்ளத்தில் முதலில் செயலிழப்பது நம் கைப்பேசிதான். சென்னை மாநகராட்சி இப்போது செல்லப்பிராணி உரிமத்தோடு, தோலுக்கு அடியில் மைக்ரோசிப் என்னும் சிறு மின்னணுச் சில்லைப் பொருத்துவதையும் இணைத்திருக்கிறது. அரிசி மணியளவே உள்ள அந்தச் சில்லில் 15 இலக்க எண் ஒன்று மட்டுமே இருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும் எனப் பலர் நினைப்பது சரியன்று. யாராவது நாயைப் பிடித்து, கருவியை வைத்துப் படித்தால்தான் உரிமையாளர் யாரென்று தெரியும். நீங்களும் நாயும் சேர்ந்து நிற்கும் நிழற்படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருப்பது, பின்னால் ‘இது என் நாய்தான்’ என்று நிறுவ உதவும்.

தடுப்பூசிகளில் வெறிநாய்க்கடி ஊசியை யாரும் மறப்பதில்லை. நம் ஊர் வெள்ளத்தில் நாய்க்கு அதே அளவு முக்கியமானது எலிக்காய்ச்சலுக்கு எதிரான பாதுகாப்பு. எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தின் வழியாகவோ வாய், கண் வழியாகவோ உடலுக்குள் சென்றால் அந்நோய் தொற்றும். தொற்றிய நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் பரவக்கூடும். முதன்முறையாகப் போடும் நாய்க்குச் சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவைப்படுவதால், ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மருத்துவரிடம் ஓடுவது பெரிய பயனைத் தராது.

பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கான உலர்தீவனம், வழக்கமான மருந்துகள், தடுப்பூசி அட்டையின் நகல், உபரி வார், பழைய துணிகள், குடிநீர் ஆகியவை போதும். நாய்க்கு நாளொன்றுக்கு எடைக் கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் தேவை. அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். ஓர் எச்சரிக்கை: நமக்காக எடுத்துச்செல்லும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதுமானது. புதிய இடத்தில் பூனை இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே உண்ணாவிட்டால் கல்லீரல் பாதிக்கப்படக்கூடும் என்பதால், அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

எப்போது கிளம்புவது என்பதில் என் கருத்து சற்றுக் கடுமையானது. 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் ஏறிய வேகத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் வடியாமல் நின்ற நீரையும் நினைவில் வைத்திருப்பவர்கள், தரைத்தளத்தில் விலங்கோடு இருந்தால் மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பே கிளம்பிவிட வேண்டும். வாகனங்கள் ஓடும்வரை நாய் நம்மோடு வரும் பயணி. படகு வந்த பிறகு அதை ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இல்லை.

எவ்வளவு முயன்றும் விட்டுச்செல்ல நேர்ந்தால், கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். சங்கிலியில் இருக்கும் நாயும் கட்டுத்தறியில் இருக்கும் மாடும் நீந்தத் தெரிந்தும் மூழ்கிவிடும். மாடிப்படி அறையையோ மேல்தளத்தையோ திறந்துவிட்டு, கவிழாத கனமான பாத்திரங்களில் நிறைய நீரும் உலர்தீவனமும் வைத்து, உள்ளே எத்தனை விலங்குகள் உள்ளன என்பதையும் தொடர்பு எண்ணையும் வெளிக்கதவில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுச் செல்ல வேண்டும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மின்சாரம் நின்றதும் தீனி போடுவதை நிறுத்திவிடலாம்; மீன்கள் சில நாள்கள் பசி தாங்கும், பிராணவாயுக் குறைவைத் தாங்கா. நீருக்குள் காற்றைச் செலுத்தும், பேட்டரியில் இயங்கும் சிறிய கருவி ஒன்று இருந்தால் போதும். இல்லாவிட்டால் குவளையால் நீரை அள்ளி அள்ளி ஊற்ற வேண்டியதுதான்.

நீர் வடிந்து வீடு திரும்பியதும் நாயைச் சேற்றில் மோப்பம் பிடிக்க விடாதீர்கள். பாம்புகள் செருப்பு அலமாரிகளிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஒதுங்கியிருக்கும். வெளியே போய் வரும்போதெல்லாம் பாதங்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல், வாந்தி, ஈறு மஞ்சளாதல், சிறுநீர் கருத்துப்போதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கையுறை அணிந்துகொண்டே நாயைக் கையாண்டு அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்; சென்றதும், அது வெள்ளநீரில் நடந்த நாய் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.