என்ஜாய் பக்கத்தில் அவர்செல்வ்ஸ் எதற்கு?

‘வீ என்ஜாய்ட் அ லாட் அட் த பார்ட்டி’ என்று எழுதினீர்கள், மேலாளர் நடுவில் ‘அவர்செல்வ்ஸ்’ சேர்த்துவிட்டார், நம்மை நாமே ரசிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருத்தம் சரி.

‘என்ஜாய்’ செயப்படுபொருள் இல்லாமல் நிற்காத வினை. எதை ரசித்தோம் என்று சொல்லியாக வேண்டும்: ‘வீ என்ஜாய்ட் த பார்ட்டி.’ அப்படி எதையும் குறிப்பிடாமல், பொழுது நன்றாகப் போனது என்று மட்டும் சொல்ல நினைத்தால், அந்தக் காலி இடத்தில் ‘அவர்செல்வ்ஸ்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நம்மையே’ என்று அதை மொழிபெயர்க்காதீர்கள். மொத்தமாகச் சேர்த்து ‘ஜாலியாக இருந்தோம்’ என்றுதான் பொருள்.

இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ் த பார்ட்டி’ என்று எழுதிவிட வேண்டாம். இருப்பது ஒரு நாற்காலிதான். பார்ட்டிக்கு முன்னால் ‘அட்’ போட்டால் சரியாகிவிடும்.

எழுவாய் மாறினால் இதுவும் மாறும்: ‘ஷீ’ என்றால் ‘ஹெர்செல்ஃப்’, ‘தே’ என்றால் ‘தெம்செல்வ்ஸ்’. ‘யூ’தான் கொஞ்சம் ஏமாற்றும், ஒருவரிடம் பேசினால் ‘யுவர்செல்ஃப்’, பலரிடம் என்றால் ‘யுவர்செல்வ்ஸ்’.

அப்புறம், சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெறுமனே ‘என்ஜாய்!’ என்கிறார்களே, அது பேச்சு வழக்கில் செல்லும். அதை வைத்து மேலாளரிடம் வாதாடப் போகாதீர்கள்.