ஒரு நொதியின் படிக அமைப்பைக் கண்டறிவதால் என்ன பயன்? கணினியே கணித்துவிடும் இக்காலத்திலும் அந்த உழைப்பு தேவையா?

ஒரு நொதியைப் படிகமாக்கி அதன் அமைப்பைக் காண்பதற்காக உயிர்வேதியியலார் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்களே, அதனால் விளைவது என்ன என்றும், புரதத்தின் அமைப்பைக் கணிக்கும் கணினி நிரலான ஆல்ஃபாஃபோல்டு வந்த பின்பும் அந்த உழைப்பு வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் மருந்து, தடுப்பூசி என்ற வழக்கமான விடையே வரும். ஆகவே ஒரே ஒரு நொதியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வாழ்பவன். உயிர்வேதியியல் கற்பிப்பது என் தொழில். (சித்தூர் என்றதும் ஆந்திரத்து ஊரை நினைப்பவர்கள் உண்டு, இது வேறு.) வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த எங்கள் மாணவர்களுக்கு நொதியின் வேலையை முதன்முதலில் காட்டுவதற்கு, இங்கே வீட்டுத் தோட்டங்களில் விளையும் வாளவரையைப் பயன்படுத்துகிறோம். கொடியாகப் படர்ந்து சிவப்பு விதை தரும் இனம் அல்ல, செடியாக நின்று வெள்ளை விதை தருவது. அந்த விதையை ஊறவைத்து அரைத்து வடிகட்டி, பீனால் சிவப்பு கலந்த யூரியாக் கரைசலில் சில துளிகள் விட்டால், மஞ்சளாக இருந்த கரைசல் இளஞ்சிவப்பாக மாறுகிறது. அம்மோனியா நெடியும் எழுகிறது. யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கும் யூரியேஸ் என்ற நொதி அவ்விதையில் அவ்வளவு மிகுதி.

உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதியும் இதுவே. இளமையில் வேட்டை விபத்தொன்றில் இடக்கையை இழந்த ஜேம்ஸ் சம்னர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917 இல் இந்த முயற்சியைத் தொடங்கினார். 1926 இல், வாளவரை மாவை நீர் கலந்த அசிட்டோனில் கரைத்து வடிகட்டி, அந்த வடிநீரைக் குளிரில் வைத்திருந்தபோது, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிறிய எண்முகப் படிகங்கள் அதில் உருவாகியிருந்தன. அவற்றைக் கரைத்துச் சோதித்தபோது அவை புரதமாகவும் இருந்தன, யூரியாவையும் பிளந்தன. நொதிகள் புரதங்களே அல்ல என்று நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஸ்டாட்டர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சம்னரைப் பலர் நம்பவில்லை. 1930 இல் அமெரிக்க வேதியியலாளர் நார்த்ராப் பெப்சின் என்ற செரிமான நொதியைப் படிகமாக்கிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது, 1946 இல் இருவரும், வைரஸ் புரதங்களைத் தூய வடிவில் பெற்ற ஸ்டான்லியோடு சேர்ந்து நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் சம்னரின் படிகம் சொன்னது ஒரே செய்தியைத்தான்: நொதி என்பது புரதம். யூரியா அதில் எந்த இடத்தில் வந்து அமர்கிறது, அதைப் பிளப்பது எது என்பவற்றுக்கு அந்தப் படிகத்தைக் கண்ணால் பார்ப்பதில் விடையில்லை. படிகம் கிடைத்துவிட்டால் அமைப்பும் கிடைத்ததுபோல என்று பலர் எண்ணுகிறார்கள். இத்துறையைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் அதுவே என்பது என் கருத்து. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி நீர். அதை உலரவிட்டால் உள்ளொழுங்கு குலைந்துவிடும் என்பதை உணர்ந்து, அது விளைந்த தாய்க்கரைசலிலேயே ஈரமாக வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கலாம் என்று பெர்னலும் டோரதி ஹாட்ஜ்கினும் பெப்சின் படிகத்தைக் கொண்டு காட்டியதே 1934 இல்தான். அதன் பின்னும் ஒரு தடை இருந்தது. படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர்களின் செறிவை அளக்க முடியும். அவற்றின் கட்டத்தை, அதாவது ஒவ்வோர் அலையும் தன் ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை, அளக்க முடியாது. நெம்மாறை வேலையின் பஞ்சவாத்தியத்தில் ஒவ்வொரு வாத்தியமும் எவ்வளவு உரக்க ஒலித்தது என்ற கணக்கு மட்டும் கையில் இருந்து, எது எப்போது ஒலித்தது என்பது தெரியாமல் போனால் மேளத்தை மீட்டெடுக்க முடியுமா? இந்தச் சிக்கலுக்குப் பிரிட்டனில் ஆய்வு செய்த பெரூட்ஸ் 1950களில், படிகத்துக்குள் பாதரசம் போன்ற கனமான அணுவைச் செலுத்தி, செறிவில் ஏற்படும் மாற்றத்திலிருந்து கட்டத்தைக் கணக்கிடும் வழியைக் கண்டார். 1965 இல் லைசோசைம் அமைப்பு அறியப்பட்ட முதல் நொதியாயிற்று. 1967 இல் அமெரிக்காவில் ரிபோநியூக்ளியேஸின் அமைப்பைக் கண்ட மூவரில் ஒருவர் கேரளத்தவரான கோபிநாத் கர்த்தா. அவர் அதற்கு முன் சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனோடு தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதத்தின் முச்சுருள் அமைப்பை ஆராய்ந்தவர்.

லைசோசைமில் 129 அமினோ அமிலங்களே உள்ளன. வாளவரை யூரியேஸிலோ ஒரு சங்கிலிக்கு 840. அப்படி ஆறு சங்கிலிகள் சேர்ந்ததே முழு மூலக்கூறு. அதன் அமைப்பு வெளியானது 2010 இல். வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாலசுப்பிரமணியனும் பொன்னுராஜும். எர்ணாகுளத்தில் பிறந்த தமிழரான ராமச்சந்திரன் 1952 இல் தலைமையேற்று வளர்த்த அதே துறையிலிருந்து, 2.05 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), சம்னருக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அது வந்தது. இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பு வெளியானாலும் அது வழக்கமாக ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுவது, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதைக் காட்டும், 1963 இல் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தோடுதான்.

இனி, அந்த அமைப்பில் தெரிந்தது என்ன என்பதற்கு வருகிறேன். யூரியேஸில் நிக்கல் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1975 இல் வேதியியல் முறையிலேயே கண்டுவிட்டார்கள். 1995 இல் பாக்டீரியா யூரியேஸின் அமைப்பும் வந்துவிட்டது. இரண்டு நிக்கல் அயனிகள் அருகருகே அமர்ந்திருக்கின்றன, அவற்றை லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று பாலம்போல் இணைக்கிறது, வாயிலில் திறந்து மூடும் ஒரு மடல் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது புலப்பட்டன. வாளவரையிலும் வினை நடக்கும் இடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. புதிதாகக் கிடைத்தது வேறொன்று. தாவர யூரியேஸுக்குப் பூச்சிகளைக் கொல்லும் தன்மை உண்டு. யூரியாவைப் பிளக்கும் திறனை முடக்கிவிட்டாலும் அது போவதில்லை. பாக்டீரியா யூரியேஸுக்கு அத்தன்மை இல்லை. தாவர யூரியேஸில் பூச்சிக்கு நஞ்சாகும் பகுதியில் கொண்டை ஊசிபோல மடிந்த ஒரு பட்டை இருப்பதைப் படிகம் காட்டியது. அத்தகைய பட்டைகள் பல சேர்ந்து பூச்சியின் செல் சவ்வில் துளையிடக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். அது கருதுகோள்தான், ஆனாலும் எந்தப் பகுதியை மாற்றிச் சோதிக்க வேண்டும் என்பதைக் கைகாட்டும் கருதுகோள்.

பயன் என்று நீங்கள் கேட்டதற்கு எங்கள் வயல்களையே காட்டலாம். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் காரத்தன்மையுள்ள கரிசல் மண் உண்டு. தூவிய யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் பிளக்கும்போது, இத்தகைய மண்ணில் அம்மோனியாவின் கணிசமான பங்கு காற்றோடு போய்விடுகிறது. யூரியேஸை மெதுவாக்கும் தடுப்பான்கள் உரத்தோடு கலக்கப்படுவது இதற்காகவே. (வேப்பெண்ணெய் பூசிய யூரியா முதன்மையாக அதற்கு அடுத்த படியான நைட்ரேட் ஆக்கத்தைத் தாமதப்படுத்துவது, இரண்டையும் ஒன்றென எண்ணுகிறவர்கள் பலர்.) தடுப்பான் மூலக்கூறு அந்த இரண்டு நிக்கல்களையும் எப்படிப் பற்றிக்கொள்கிறது, மடல் அதன்மேல் எப்படி மூடிக்கொள்கிறது என்பது படிகங்களில் காணப்பட்டதால், அடுத்ததை வடிவமைப்பவர் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி அமிலத்தில் பிழைத்திருப்பதும் யூரியேஸின் துணையால்தான் என்பதால், மருந்தாய்வாளர்களுக்கும் இதில் அக்கறை உண்டு.

ஆல்ஃபாஃபோல்டைப் பொறுத்தவரை, சங்கிலி எப்படி மடிகிறது என்பது மட்டும் வேண்டுமானால் பெரும்பாலான புரதங்களுக்குப் படிகம் இனித் தேவையில்லை என்றே நானும் சொல்வேன். 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்த அமைப்புகளைக் கொண்டு பயிற்றப்பட்டதால் அது அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அது தரும் மாதிரியைத் தொடக்கமாக வைத்துக் கட்டச் சிக்கலைத் தீர்ப்பதும் இன்று வழக்கமாகிவிட்டது. 2021 இல் வெளிவந்த பதிப்பு உலோக அயனிகளைக் காட்டாது. 2024 இல் வந்தது அவற்றையும் கணிக்க முயல்கிறது. ஆனால் சென்னைக் குழுவின் படிகத்தில் வினையிடத்தில் ஒரு பாஸ்பேட் வந்து உட்கார்ந்திருந்தது. மடலிலுள்ள 592 ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனோடு பீட்டா மெர்காப்டோ எத்தனால் என்ற வேதிப்பொருள் பிணைந்துவிட்டிருந்தது. இவை இரண்டும் யூரியேஸின் தடுப்பான்கள், இப்படி இரண்டு தடுப்பான்கள் ஒரே நேரத்தில் அந்த இடத்தைப் பற்றியிருப்பது அதுவரை எந்த யூரியேஸ் அமைப்பிலும் காணப்படாத ஒன்று. அமினோ அமில வரிசையை மட்டும் கணினியிடம் கொடுத்தால் இது வராது, ஏனெனில் அந்த இரண்டு மூலக்கூறுகளும் வரிசையில் எழுதப்பட்டிருப்பவை அல்ல.