அந்தப் பெண் என்ன அறிவித்தாள்?

கேள்வி: விளையாட்டு வீரர்கள் சிலர், தாங்கள் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் என்று வெளியே சொல்வது இப்போது ஃபேஷனாகிவிட்டது. ஓடுகிறவர் ஓடட்டும், நீந்துகிறவர் நீந்தட்டும். படுக்கையறை விஷயத்தை எதற்கு ஊருக்கே சொல்ல வேண்டும்? நம் பண்பாட்டுக்கு இது அடுக்குமா? என் மகள் பள்ளி வலைப்பந்து அணியில் இருக்கிறாள். கூட ஆடும் பெண் ஒருத்தி 'அப்படி' என்கிறார்கள். மகளை அணியிலிருந்து எடுத்துவிடலாமா?
– ஒரு தந்தை, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எடுக்க வேண்டாம். இனி மற்றதைப் பேசுவோம்.

ஐபிஎல் பார்ப்பீர்கள்தானே? தோனி மட்டையோடு இறங்கினால் கேமரா அடுத்து எங்கே போகிறது? மாடத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடமும் மகளிடமும். "பொண்ணு எவ்வளவு வளர்ந்துட்டா பாரு" என்று நம் வீட்டுக் கூடத்தில் ஒரு குரல் கேட்கும். அப்போது யாருக்கும் படுக்கையறை ஞாபகம் வருவதில்லை. பிரிட்டனின் முக்குளிப்பு வீரர் டாம் டேலி 2013 டிசம்பரில் சொன்னதும் இந்த அளவுதான்: ஒருவரைச் சந்தித்தேன், மகிழ்ச்சியாக இருக்கிறேன், அவர் ஓர் ஆண். இதில் படுக்கையறை எங்கே வந்தது? கேட்டவர் மண்டைக்குள் வந்தது.

ஃபேஷன் என்றீர்கள். இங்கிலாந்துக் காற்பந்தில் 10 லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஜஸ்டின் ஃபஷானு. 1990ல் வெளியே சொன்னார். கூடப் பிறந்த தம்பி, அவரும் பந்தாட்டக்காரர்தான், ஊரறிய அண்ணனை ஒதுக்கினார். 1998ல் ஃபஷானு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன அடுத்த தொழில்முறை ஆண் ஆட்டக்காரர் பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், 17 வயதுப் பையன். அது 2022 மே மாதம். நடுவில் 32 ஆண்டுகள். இவ்வளவு மெதுவாகப் பரவுகிற ஃபேஷனை நான் பார்த்ததில்லை.

சரி, வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு என்பீர்கள். இந்திய ஓட்டக்காரர் டூட்டி சந்த்துக்கு வருவோம். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண். உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் அளவைக் காட்டி 2014ல் காமன்வெல்த் போட்டிக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் வழக்காடினார். 2015ல் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. மறு ஆண்டு மே மாதம், சொந்த ஊர்ப் பெண் ஒருவரோடு வாழ விரும்புவதாகச் சொன்னார். ஏன் சொன்னார் என்பதுதான் இதில் முக்கியம். சொந்த அக்காவே பணம் கேட்டு மிரட்டியதால் வாய்திறக்க வேண்டியதாயிற்று என்றார். அம்மா ஏற்கவில்லை, ஊரும் ஏற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இத்தாலியின் நேப்பிள்ஸில் உலகப் பல்கலைக்கழகப் போட்டி. 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். (பின்னாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை வாங்கியதும் உண்மை. அது வேறு கணக்கு. அதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.) மிரட்டலுக்கு ஆளானவருக்கு மிரட்டலைச் செல்லாக் காசாக்க ஒரே வழி, தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. அதைப் போய் விளம்பரம் என்கிறோம்.

நம் ஊரில் தெரேசா கோ. முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து, ரியோ 2016 உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நெஞ்சு நீச்சலில் வெண்கலம் வாங்கியவர். மறு ஆண்டு, தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அவர் பெண் என்பதால் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவு அவரைத் தொடவில்லை. 1938ல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கொண்டுவந்த அந்தப் பிரிவு ஆண்களுக்கு மட்டுமானது. 2022 நவம்பர் 29ல் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்து, 2023 ஜனவரி தொடக்கத்தில் அது போயே போனது. அதுவரை ஒரு பையன் இதைச் சொல்வதென்றால், பெரிதாக நடவடிக்கை எடுக்காவிட்டாலும், புத்தகத்தில் குற்றமாக இருப்பதை ஒப்புக்கொள்கிற மாதிரிதான். திருமணத்தின் வரையறை மாறிவிடுமோ என்று உங்களுக்குக் கவலை இருந்தால், அதற்கும் அன்றைக்கே அரசமைப்பில் வேலி போட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது; அதில் இனம், சமயம், வயது, மொழி எல்லாம் உண்டு, தன்பால் ஈர்ப்பு இல்லை. ஆக, வெளியே சொல்கிறவர் அள்ளிக்கொண்டு போகிற ஆதாயம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

பண்பாடு. கோயில் தூண் சிற்பத்தைக் காட்டி நான் வாதாடப் போவதில்லை; அது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. நான் அறிந்த நம் பண்பாடு இதுதான்: தீபாவளிக்குப் போன வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "என்ன, இருபத்தெட்டாச்சே, எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்பது. மழுப்பினால் அடுத்த வாரம் ஜாதகம் வரும். பதக்கம் வாங்கியவர் என்றால் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூட விடமாட்டோம்; நம் பிள்ளையாயிற்றே, உரிமை இருக்கிறதே. அவருக்கு இருப்பது மூன்று வழி: ஆண்டுதோறும் ஒரு பொய், இல்லை சொந்தக்காரர் வீட்டு வாசலே மிதிக்காமல் இருப்பது, இல்லை உண்மை. விடாமல் கேட்பதும் நாம், பதில் வந்ததும் "இதையெல்லாம் ஏன் சொல்கிறாய்" என்று முகம் சுளிப்பதும் நாம்.

சமய நம்பிக்கையால் இதை ஏற்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். 2024ல் பிரிமியர் லீக்கில் இப்ஸ்விச் அணித்தலைவர் சாம் மோர்சி தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவு காட்டும் வானவில் கைப்பட்டையை அணிய மறுத்தார். கிளப் அவர் முடிவை மதித்தது, அவர் தொடர்ந்து ஆடினார். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. இன்னொருவரை அணியைவிட்டு நகர்த்துகிற உரிமை அதில் அடங்காது.

உங்கள் மகளின் அணிக்கு வருவோம். அந்தப் பெண் எதையாவது அறிவித்தாளா? கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள், இவ்வளவுதான் சாட்சி. ஆனால் நீங்கள் அவளுடைய பெயர், பள்ளி, வகுப்பு, அணியில் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்பது வரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். படுக்கையறை விஷயத்தை ஊருக்குச் சொல்லக்கூடாது என்ற அதே கடிதத்தில்! அத்தனையையும் அடித்துவிட்டுத்தான் உங்கள் கேள்வியை மேலே போட்டிருக்கிறேன். அவளுக்கு 14 வயது. பேச்சு உண்மையோ பொய்யோ, எப்போது யாரிடம் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அவள் கையில் இருக்க வேண்டியது. பெற்றோர் குழு அதைப் பிடுங்கிக்கொண்டது.

போட்டி நடக்கிற நேரத்தில் உங்கள் மகளை எடுத்தால், காரணம் என்ன என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே நாளில் அந்தப் பெண் காதுக்கும் போய்விடும். அதனால்தான் வேண்டாம் என்றேன். குழுவில் இந்தப் பேச்சு திரும்ப வந்தால், "பிள்ளைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்" என்று நீங்களே ஒரு வரி போடுங்கள். நாலு பேருக்குக் கோபம் வரும், இரண்டு பேர் தனியாக உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.